விரிசலைத் தேடும் விழிகள்

தமிழ் இலக்கியத்தில் வண்டியின் அச்சுக்குத் தனியிடம் உண்டு. மயிற்பீலியே ஆயினும் அளவு கடந்து ஏற்றினால் அச்சு முறியும் என்று வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் எச்சரிக்கின்றார். மேடுபள்ளம் மிகுந்த வழியில் உப்பு வண்டி ஓட்டிச் சென்ற உமணர், அச்சுக்குக் கீழே மற்றோர் அச்சையும் கட்டிக்கொண்டு போயினர் என்ற செய்தியைப் புறநானூற்றில் ஔவையார் தருகின்றார். சேம அச்சு என்பது அதன் பெயர். முன்னது சுமையின் எல்லையை உணர்த்துவது. பின்னது முறிவை எதிர்பார்த்துச் செய்யும் முன்னேற்பாட்டை உணர்த்துவது. இவ்விரண்டையும் வகுப்பில் பாடஞ் சொல்லுங்கால், நம் முன்னோர் பயணத்தைக் குறித்து எத்துணைக் கவலையோடு சிந்தித்துள்ளனர் என்று வியப்பதுண்டு.

ஆயின் அச்சு முறிவதற்கு மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. சுமை அளவோடுதான் இருக்கும். பாதையும் சீராகவே இருக்கும். நேற்று வரை ஓடிய வண்டியாகவும் இருக்கும். எனினும் ஒருநாள் அச்சு இரண்டாகும். 1842ஆம் ஆண்டு மே 8ஆம் நாள், பிரான்சு நாட்டில் வெர்சாய் நகரிலிருந்து பாரிசுக்குத் திரும்பிய இரயிலின் எஞ்சின் அச்சு இவ்வாறு முறிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பின்னர் செருமானிய இரயில்வே பொறியாளர் ஆகஸ்டு வோலர் என்பார் பல்லாண்டுகள் அச்சுகளைச் சோதித்து, ஒரே முறையில் முறிக்கப் போதாத சிறு விசையும் ஆயிரம் பல்லாயிரம் முறை திரும்பத் திரும்ப வந்தால் இரும்பை முறித்துவிடும் என்று மெய்ப்பித்தார். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்ற நம் பழமொழியை ஆய்வுக்கூடத்தில் நிறுவிக் காட்டினார் எனலாம்.

இந்நிலைக்கு உலோகச் சோர்வு என்று பெயர் வழங்குகின்றனர். ஆங்கிலத்தில் களைப்பைக் குறிக்கும் சொல்லையே தமிழிலும் பெயர்த்துக்கொண்டோம். ஆயினும் சொல்லாராய்ச்சி செய்வோர் ஒன்றைக் கருதுதல் வேண்டும். மனிதனின் சோர்வு உறங்கி எழுந்தால் நீங்கும். உலோகத்தின் சோர்வு ஓய்வினால் நீங்குவதில்லை. பத்து நாள் நிறுத்தி வைத்தாலும், பட்ட அடி பட்ட அடியே. வளர்ந்த விரிசல் வளர்ந்ததே. அது தன் நோயைச் சொல்லவும் செய்யாது. நாம்தான் தேடிக் கண்டறிதல் வேண்டும்.

கொல்லன் துருத்தி

இவற்றையெல்லாம் ஒரு தமிழாசிரியன் எழுதப் புகுந்தது எவ்வாறு என்று அன்பர்கள் வினவலாம். எங்கள் ஊர் ஆரணி. பட்டுச் சேலைக்குப் பெயர்பெற்ற ஆரணி அன்று. திருவள்ளூர் மாவட்டத்தில், ஆரணியாற்றின் கரையில் அமைந்த ஆரணி. எங்கள் பகுதி இளைஞர் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்கின்றனர். அங்கே கற்ற தொழிலைக் கொண்டு சிலர் கடல் கடந்தும் செல்கின்றனர். என் தமக்கையின் மகன் அவர்களுள் ஒருவன். இரும்பு வார்ப்புகளில் விரிசல் தேடும் தொழிலைக் கும்மிடிப்பூண்டியில் கற்று, இப்போது வளைகுடா நாடொன்றில் பயணிகள் வானூர்திகளைப் பழுதுபார்க்கும் கொட்டகையில் அதே தொழிலைச் செய்கின்றான். விடுமுறையில் வரும்போதெல்லாம் மாலை வேளையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பேசுவான்.

“வானூர்தி அவ்வளவு உறுதியாகக் கட்டப்பட்டதாயிற்றே, அதில் விரிசல் எப்படி வரும்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கொல்லன் துருத்தியைப் பார்த்திருக்கீங்கல்ல மாமா? விமானமும் அந்த மாதிரிதான். மேலே ஏறும்போது உப்பும், கீழே இறங்கும்போது சுருங்கும்” என்றான்.

அவன் விளக்கியதன் சாரம் இது. முப்பத்தையாயிரம் அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் ஏறத்தாழக் கால் பங்கே. அங்கே மனிதன் மூச்சுவிட வேண்டுமானால் வானூர்தியின் உள்ளே காற்றை அடைத்து அழுத்தம் கூட்ட வேண்டும். உள்ளிருக்கும் காற்று மெல்லிய அலுமினிய உடலை வெளிநோக்கித் தள்ளுகின்றது. தரையிறங்கியதும் அத்தள்ளல் நீங்குகின்றது. ஒரு பயணத்துக்கு ஒரு முறை இது நிகழும். அதனால்தான் வானூர்தியின் வயதை ஆண்டுகளால் மட்டும் கணக்கிடுவதில்லை. எத்தனை முறை ஏறி இறங்கியது என்றும் எண்ணுகின்றனர். நீண்ட தொலைவு பறக்கும் பெரிய ஊர்தியைவிட, குறுந்தொலைவில் நாளுக்குப் பத்து முறை ஏறி இறங்கும் சிறிய ஊர்தி விரைவில் முதுமை எய்துகின்றது.

தண்ணீர்த் தொட்டியில் கண்ட உண்மை

இவ்வுண்மையை உலகம் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. பல உயிர்களை விலையாகக் கொடுத்தே அறிந்துகொண்டது. உலகின் முதல் ஜெட் பயணிகள் வானூர்தி பிரிட்டனின் காமெட். 1952 மே 2ஆம் நாள் அது இலண்டனிலிருந்து ஜோகனஸ்பர்க்குக்குத் தன் முதல் பயணிகள் சேவையைத் தொடங்கியது. சரியாக ஓராண்டு கழித்து, 1953 மே 2ஆம் நாள், கல்கத்தாவின் டம்டம் நிலையத்திலிருந்து டெல்லி நோக்கிப் புறப்பட்ட காமெட் ஒன்று சில நிமிடங்களில் புயல் மழையில் சிதறி விழுந்தது. அதில் இருந்த 43 பேரும் மாண்டனர். கடும் புயலின் தாக்குதலால் அதன் உடல் வானிலேயே முறிந்தது என்று இந்தியாவில் நடந்த விசாரணை கூறியது. காமெட் பறப்பது நிறுத்தப்படவில்லை.

1954 சனவரி 10ஆம் நாள், உரோமிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்ட மற்றொரு காமெட், எல்பா தீவின் அருகே வானில் சிதறிக் கடலில் விழுந்தது. 35 பேர் மாண்டனர். அன்று புயலும் இல்லை. காமெட்டுகள் சில வாரங்கள் நிறுத்தப்பட்டன. காரணம் இன்னதென்று தெரியாத நிலையிலும், ஐயத்துக்குரிய பகுதிகளைத் திருத்தியமைத்து மீண்டும் பறக்கவிட்டனர். ஏப்ரல் 8ஆம் நாள், உரோமிலிருந்து கெய்ரோவுக்குப் புறப்பட்ட காமெட் நேப்பிள்சுக்கு அருகே கடலில் வீழ்ந்தது. 21 பேர் மாண்டனர்.

அதன்பின் ஃபார்ன்பரோ ஆய்வு நிலையத்தில் ஒரு பெருஞ்சோதனை நடந்தது. பறந்துகொண்டிருந்த காமெட் ஒன்றைக் கொண்டுவந்து பெரிய தண்ணீர்த் தொட்டியில் இருத்தி, அதனுள்ளும் நீரை நிரப்பி, அழுத்தத்தைக் கூட்டியும் குறைத்தும் பயணம் செய்வது போன்ற நிலையை மீண்டும் மீண்டும் ஏற்படுத்தினர். அவ்வூர்தி முன்னரே 1,221 பயணங்கள் செய்திருந்தது. தொட்டியில் மேலும் 1,836 பயணங்களுக்கு ஈடான அழுத்தம் தந்தபோது, அதன் உடல் சாளர மூலையருகே கிழிந்தது. கடலிலிருந்து மீட்டெடுத்த எல்பா ஊர்தியின் துண்டுகளை ஒன்றுசேர்த்தபோதும், கூரையில் இருந்த திறப்பு ஒன்றின் மூலையிலிருந்தே முறிவு தொடங்கியது தெரிந்தது. அந்த ஊர்தி 1,290 பயணங்களே செய்திருந்தது. மூலைகளில் விசை குவிகின்றது. குவிந்த இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் பிறக்கின்றது. ஒவ்வொரு பயணத்திலும் அணுவணுவாக வளர்கின்றது. பின்னர் ஒரு நொடியில் எல்லாம் முடிகின்றது.

கண்டவர் வாய் திறக்கவில்லை

காமெட் கற்பித்த பாடத்துக்குப் பின் வானூர்தி கட்டும் கலை பெரிதும் மாறிற்று. ஓருறுப்பு முறிந்தாலும் அண்டையிலுள்ள உறுப்பு சுமையைத் தாங்கிக்கொள்ளுமாறு அமைத்தனர். உமணரின் சேம அச்சு வானூர்திக்குள் புகுந்தது என்று மகிழலாம். ஆயின் சேம அச்சு இருக்கின்றது என்ற துணிவில் முதல் அச்சைப் பார்க்காமல் விடலாமா? அதற்கு விடை 1988இல் கிடைத்தது.

அவ்வாண்டு ஏப்ரல் 28ஆம் நாள், ஹவாய்த் தீவுகளில் ஹிலோவிலிருந்து ஹோனலூலுவுக்கு 95 பேருடன் பறந்த அலோஹா நிறுவனத்தின் போயிங் 737 வானூர்தியின் கூரை, 24,000 அடி உயரத்தில் சுமார் பதினெட்டு அடி நீளத்துக்குப் பிய்ந்து போயிற்று. பணிப்பெண் ஒருவர் காற்றினால் வெளியே இழுக்கப்பட்டு மறைந்தார். திறந்த வானத்தின் கீழே அமர்ந்திருந்த பயணிகளோடு விமானிகள் மவுயி தீவில் ஊர்தியை இறக்கினர். 1969இல் கட்டப்பட்ட அவ்வூர்தி தீவுக்குத் தீவு தாவித் தாவி 89,680 பயணங்கள் செய்திருந்தது. உப்புக்காற்று தகடுகளின் இணைப்பை அரித்திருந்தது. தகடுகளை ஒட்டிய பசை விட்டுப்போகவே, முழுச்சுமையும் தரையாணிகளின்மீது விழுந்தது. ஆணித் துளைகள் பலவற்றில் ஒரே வரிசையில் சிறு சிறு விரிசல்கள் தோன்றியிருந்தன. ஒரு விரிசலாக இருந்திருப்பின் அண்டையிலுள்ள உறுப்பு தாங்கியிருக்கும். பல சிறு விரிசல்கள் கைகோத்தபோது தாங்குவதற்கு எவரும் இல்லை.

இந்நிகழ்ச்சியில் என் நெஞ்சை உறுத்துபவை இரண்டு. இணைப்புகளைச் சோதிக்க வேண்டும் என்ற ஆணை விபத்துக்கு முந்தைய ஆண்டே பிறந்திருந்தது. ஆயின் கட்டிய நிறுவனம் பரிந்துரைத்த எல்லா இணைப்புகளையும் அவ்வாணை கட்டாயமாக்கவில்லை. ஒரு பகுதியை மட்டுமே கட்டாயமாக்கியது. அப்பகுதியில் நடந்த ஆய்விலும் விரிசல்கள் கண்ணுக்குத் தப்பின. பகலெல்லாம் பறக்கும் ஊர்திகளை இரவில் ஆய்ந்தனர்; நூற்றுக்கணக்கான ஆணிகளை ஒவ்வொன்றாக உற்றுநோக்குவது அயர்வு தரும் வேலை என்பதையும் விசாரணைக் குழு கருத்திற் கொண்டது. உலோகத்தின் சோர்வைத் தேடிய விழிகளுக்கும் சோர்வு உண்டு என்பது அன்று உணரப்பட்டது.

மற்றொன்று இதனினும் துயரமானது. ஹிலோவில் அன்று ஏறிய பயணி ஒருவர் வாயிலின் அருகே ஊர்தியின் உடலில் நீண்ட விரிசல் ஒன்றைத் தம் கண்ணாலேயே கண்டார். எவரிடமும் சொல்லவில்லை. ஏறித் தம் இருக்கையில் அமர்ந்தார். விபத்துக்குப் பின்னரே விசாரணையாளரிடம் சொன்னார். அவரைக் குறை கூறுவது எளிது. ‘இவ்வளவு பெரியவர்கள் பார்க்காததையா நாம் பார்த்துவிட்டோம்’ என்ற எண்ணம் யாருக்குத்தான் வாராது? அறிஞர் அவையில் பிழை கண்டும் எழுந்து சொல்லாத நாமெல்லாம் அப்பயணியின் உறவினரே.

ஆணையும் ஆய்வும்

இவ்விபத்துக்குப் பின் முதிய வானூர்திகளை ஆய்வதற்கெனவே 1991இல் அமெரிக்காவில் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. பார்த்தால் நல்லது என்ற நிலை மாறி, இத்தனை பயணங்களுக்குள் இன்ன உறுப்பை இன்ன முறையில் பார்த்தே தீர வேண்டும், பாராவிடில் பறக்கலாகாது என்ற நிலை வலுப்பெற்றது.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று. 2019இல், பழைய போயிங் 737 ஒன்றைச் சரக்கு ஊர்தியாக மாற்றும் பணியின்போது, இறக்கையையும் உடலையும் இணைக்கும் உறுப்பில் விரிசல் காணப்பட்டது. ஊறுகாய் எடுக்கும் முட்கரண்டியை ஒத்த வடிவினால் பட்டறை மொழியில் அவ்வுறுப்புக்கு ‘பிக்கிள் ஃபோர்க்’ என்று பெயர். 90,000 பயணங்கள் தாங்கும் என்று கருதப்பட்ட உறுப்பு அது. அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்க வானூர்தித் துறை ஆணையிட்டது: 30,000 பயணங்களைக் கடந்தவற்றை ஏழு நாட்களுக்குள் ஆய்தல் வேண்டும்; 22,600 பயணங்களைக் கடந்தவற்றை அடுத்த ஆயிரம் பயணங்களுக்குள் ஆய்தல் வேண்டும். ஓர் ஊர்தியும் விழவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. ஆயினும் உலகெங்கும் தேடல் தொடங்கிற்று. காமெட் காலத்தில் மூன்று ஊர்திகள் விழ வேண்டியிருந்தது. இப்போது ஒரு விரிசல் கண்டதே போதுமானதாயிற்று. அறுபத்தைந்து ஆண்டுகளில் மனிதகுலம் கற்ற பாடத்தின் அளவு இது.

அவ்வகை வானூர்திகளை நம் நாட்டில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஸ்பைஸ்ஜெட் முதலிய நிறுவனங்கள் இயக்கிவந்தன. நம் வீடுகளிலிருந்து வளைகுடாவுக்குப் பிழைக்கச் செல்வோரும், விடுமுறையில் திரும்புவோரும் ஏறிய ஊர்திகள் அவை. இந்தியாவில் பறப்பதற்குரிய தகுதியை மேற்பார்வை செய்வது வானூர்திப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம். 1934ஆம் ஆண்டின் வானூர்திச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2024இல் இயற்றப்பட்ட பாரதிய வாயுயான் சட்டம் நடைமுறையில் உள்ளது. சட்டத்தின் பெயர் மாறலாம். அதன் உயிர்நாடி ஆய்வாளரின் கையெழுத்தே ஆகும்.

வெள்ளையின்மேல் சிவப்புக் கோடு

விரிசலைத் தேடும் முறைகள் பல. முதலாவது வெறுங்கண். அடுத்தது சாயச் சோதனை. உறுப்பைத் துடைத்துச் செந்நிறச் சாயத்தைப் பூசிச் சற்று நேரம் விடுவர். கண்ணுக்குத் தெரியாத விரிசலுக்குள் சாயம் இறங்கும். மேற்பரப்பைத் துடைத்துவிட்டு வெண்ணிறப் பொடியைத் தெளித்தால், உள்ளே ஒளிந்த சாயத்தை அது வெளியே உறிஞ்சும். வெள்ளையின்மேல் ஒரு சிவப்புக் கோடு தோன்றும். மின்னோட்டத்தைச் செலுத்தி அதன் சுழற்சியில் ஏற்படும் மாற்றத்தைக் கொண்டு அறிவது மற்றொரு முறை. காதுக்குக் கேளாத ஒலியைச் செலுத்தி அதன் எதிரொலியைக் கொண்டு அறிவது பிறிதொன்று. இதனை அவன் சொன்னபோது எனக்கு என் தாயார் நினைவுக்கு வந்தார். சந்தையில் மண்பானை வாங்கும்போது விரலால் சுண்டிப் பார்ப்பார். ‘கணீர்’ என்று ஒலித்தால் எடுப்பார். ஒலி அடங்கிப்போனால் அதனைத் திருப்பி வைத்துவிடுவார். பானைக்காரர் சினந்ததில்லை. சுண்டிப் பார்ப்பது வாங்குவோரின் உரிமை என்பதை இருவரும் அறிந்திருந்தனர்.

ஆயின் எல்லா இடத்திலும் அவ்வுரிமை மதிக்கப்படுவதில்லை. என் மருமகன் முன்பு பணியாற்றிய ஓரிடத்தில் நிகழ்ந்ததை அவன் சொல்லக் கேட்டேன். ஒரு வார்ப்பில் சிவப்புக் கோடு தெரிந்தது. சரக்கை ஏற்றிச் செல்ல வாயிலில் லாரி காத்து நின்றது. மேற்பார்வையாளர், “துடைச்சிட்டு இன்னொரு தடவை அடிச்சுப் பாருப்பா, வராது” என்றாராம். அவ்வாறே செய்தான், கோடு மீண்டும் வந்தது. “ஒரு மயிரளவு கோட்டுக்காக மொத்தச் சரக்கையும் நிறுத்துவியா? கையெழுத்துப் போடு” என்று வற்புறுத்தினார். அவன் போடவில்லை. சில நாட்களில் அவனை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டனர். மிகைநேர ஊதியமும் போயிற்று. தமக்கையின் வீட்டில் அப்போது திருமணச் செலவு இருந்தது.

“அஞ்சவில்லையா?” என்று கேட்டேன்.

“பயந்தேன் மாமா. ஆனா அந்தக் காகிதத்துல என் பேர் இருக்கு. அது எங்கேயோ போய் உடைஞ்சா யாரும் என்னைத் தேடி வரமாட்டாங்க. எனக்குத் தெரியுமே!” என்றான்.

ஒப்படைக்கப்பட்ட பொருளைக் காத்தளிக்கும் கடமையை அமானிதம் என்று நம் வீடுகளில் வழங்குகின்றோம். பணத்தையும் நகையையும் பற்றியே பெரும்பாலும் அச்சொல்லை ஆளுகின்றோம். தன்னைப் பாராமலும் தன் பெயரை அறியாமலும் ஊர்தியில் ஏறி உறங்கும் நூற்றுக்கணக்கானோரின் உயிர் அக்கையெழுத்தில் அடங்கியுள்ளது என்றால், அதனினும் பெரிய அமானிதம் யாது?

தரையில் கழிந்த நான்கு மணி நேரம்

சில ஆண்டுகளுக்கு முன், உறவினரை வழியனுப்பச் சென்னை மீனம்பாக்கம் நிலையத்துக்குச் சென்றிருந்தேன். தொழில்நுட்பக் காரணத்தால் வானூர்தி புறப்பட நான்கு மணி நேரம் ஆகும் என்று அறிவித்தனர். வெளியே நின்ற எங்களிடையே சினம் மூண்டது. உள்ளிருந்தோர் கைப்பேசியில் புலம்பினர். வேலையில் சேர வேண்டிய நாள் தவறிவிடுமே என்ற அவர்தம் கவலையும் பொய்யன்று. அங்கே தம் பேரனை அனுப்ப வந்திருந்த முதியவர் ஒருவர் மட்டும் அமைதியாகச் சொன்னார்: “தரையிலே நாலு மணி நேரம் போனா போகட்டும் தம்பி. மேலே போய்த் தெரிய வேண்டியது இங்கேயே தெரிஞ்சிருக்கு. அல்ஹம்து லில்லாஹ்.” பல நூல்கள் விரித்துரைக்கும் கருத்தை அப்பெரியவர் இரண்டு வரிகளில் முடித்துவிட்டார்.

விரிசல் தோன்றுவது இழுக்கன்று. உழைக்கும் எப்பொருளிலும் அது தோன்றியே தீரும். அதனைத் தேடாதிருப்பதும், கண்டு மறைப்பதுமே இழுக்கு. வானூர்தித் துறை நமக்குத் தரும் செய்தி இதுவே. விரிசலைக் கண்டுபிடித்தவனை அங்கே கெடுமதியாளன் என்று எவரும் ஏசலாகாது. நன்றி கூறி ஊர்தியை நிறுத்துதல் வேண்டும். நம் நிறுவனங்களிலும் சங்கங்களிலும் இல்லங்களிலும் நடப்பது யாது? கணக்கில் ஐயம் எழுப்புவோரைக் கலகக்காரர் என்கின்றோம். சுவரில் விரிசல் என்றால் சுண்ணாம்பு பூசுகின்றோம். பல சிறு விரிசல்கள் ஒரே வரிசையில் சேரும் நாள் வரை காத்திருக்கின்றோம். சமுதாயப் பெரியோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகின்றேன்.

மாணவச் செல்வங்களே! உங்கள் கட்டுரை ஏட்டில் ஆசிரியர் இடும் சிவப்புக் கோடும், அந்த வெண்பொடியில் தோன்றும் சிவப்புக் கோடும் ஒரே இனத்தைச் சேர்ந்தவை. இரண்டும் தண்டனை அல்ல. தக்க நேரத்தில் கிடைத்த செய்தி. நாளை உங்களுள் சிலர் தொழிற்சாலையில் நிற்பீர்கள். சிலர் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் வகுப்பறையிலும் அமர்வீர்கள். எங்கே இருப்பினும் ஒரு காகிதம் உங்கள்முன் வரும். ‘பார்த்தேன், சரியாக உள்ளது’ என்பதற்குக் கீழே உங்கள் பெயர் கேட்கப்படும். வாயிலில் லாரி காத்து நிற்கும். அப்போது உண்மையாகவே பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். சரியில்லையேல் எழுதுகோலை மூடிவிடுங்கள். உங்களை அறியாத ஒரு தாய், தன் மகன் பத்திரமாக இறங்கிவிட்டான் என்ற செய்தி கேட்டு, அன்றிரவு நிம்மதியாக உறங்குவாள்.